பெங்களூரில் இன்டீரியர் டிசைனர் ஒர்க்‌ஷாப்கள்: எதற்குக் காசு கட்டலாம், எதை விட்டுவிடலாம்

சனிக்கிழமை வந்தால் பெங்களூரில் எங்காவது ஓரிடத்தில் இன்டீரியர் டிசைனர்களுக்கு ஒர்க்‌ஷாப் நடக்கிறது. ஹார்டுவேர் ஷோரூமில் இலவச அரைநாள் வகுப்பு, பிளைவுட் கம்பெனியின் ஃபேக்டரி விசிட், கட்டணம் வாங்கும் இரண்டு நாள் மாடுலர் கிச்சன் பயிற்சி, லைட்டிங் வகுப்பு, ‘வாரக்கடைசியில் ரெண்டர்’ (கணினியில் அறையின் படம் உருவாக்கும்) வகுப்பு என்று பல ரகம். எல்லாவற்றிலும் சான்றிதழும் குரூப் போட்டோவும் உண்டு. ஆனால் திங்கட்கிழமை சைட்டில் ஆசாரி முன் நிற்கும்போது கைகொடுப்பது சிலதுதான். பொருளைக் கையில் கொடுத்து, அளக்கவிட்டு, தப்பாகப் பொருத்திப் பார்க்கவும் விடுகிற வகுப்பு என்றால் காசு கட்டலாம். புரொஜெக்டரும் மதியச் சாப்பாடும் மட்டும்தான் என்றால் அந்தச் சனிக்கிழமையை சைட்டுக்கே கொடுத்துவிடலாம்.

இந்த அளவுகோலில் முதலிடம் ஹார்டுவேர் வகுப்புக்கு. நல்ல வகுப்பில் டிராயர் சேனலுக்கு (டிராயர் ஓடும் தண்டவாளம்) மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள், அது அவசியமும்கூட. 600 மி.மீ. கேபினெட், 18 மி.மீ. பிளை என்றால் உள்ளகலம் 564. பால் பேரிங் டெலஸ்கோபிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 12.7 மி.மீ. இடம் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 25.4. ஆசாரிகள் 26 விட்டு டிராயர் பெட்டியை 538-க்கு வெட்டுவார்கள். இதுவரை எல்லாருக்கும் தெரியும். கேபினெட்டின் உள்பக்கம் இரண்டிலும் 0.8 மி.மீ. லைனர் லேமினேட் (உள்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு), டிராயரின் வெளிப்பக்கம் இரண்டிலும் அதே 0.8 ஒட்டினால் நான்கு பரப்புக்கு 3.2 மி.மீ. போய்விடும். மீதி இடம் 22.8 தான். சேனலை அடித்துத்தான் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். பந்துகளைப் பிடித்திருக்கும் கூடு வளையும், சில மாதத்தில் பந்துகள் கீழே உதிரும், வாடிக்கையாளர் சேனல் மட்டமான சரக்கு என்பார். சேனலில் குற்றமே இல்லை. வரைபடத்தில் லேமினேட் கணக்கு விட்டுப்போனதுதான் காரணம். மாறாக இடம் 30 ஆகிவிட்டால் டிராயர் ஆடும், பாரம் ஏறியதும் ஒரு பக்கம் கழன்று தொங்கும். அப்போது ஆசாரி லேமினேட் துண்டுகளைப் பேக்கிங் வைத்துச் சமாளிப்பார். இந்த இரண்டு தவறையும் மேசை மேல் செய்துகாட்டி, கையால் இழுத்துப் பார்க்க விடும் வகுப்பு நல்ல வகுப்பு.

கீல் விஷயமும் அப்படித்தான். கப் துளை 35 மி.மீ. கதவின் விளிம்புக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவே பெரும்பாலும் 3 முதல் 6 மி.மீ. விடுவார்கள். பார்ட்டிகிள் போர்டில் இதைக் குறைத்தால் ஓரம் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கீல் கையின் வளைவைக் கிராங்க் என்பார்கள்: கதவு பக்கப்பலகையை முழுக்க மூடினால் 0 கிராங்க், ஒரே பலகையை இரண்டு கதவுகள் பகிர்ந்தால் 8 கிராங்க், கதவு உள்ளே அடங்கினால் 16 கிராங்க். இது எழுத்தில் எளிது. மூன்றையும் ஒரே பலகையில் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தவருக்கு ஆர்டர் ஷீட்டில் தப்பு வராது. சின்னக் கதவுக்கு இரண்டு சாஃப்ட் குளோஸ் கீல் போட்டால் சில சமயம் கடைசி விரற்கடையில் நின்றுவிடும், ஒன்றின் டேம்பரை (மெதுவாக மூடவைக்கும் பாகம்) அணைத்தால் சரியாகிவிடும் என்பது போன்ற சின்னச் சங்கதிகள் கேட்லாகில் கிடைக்காது. குறையும் உண்டு. நடத்துவது கம்பெனி என்பதால் அவர்கள் சரக்கைத் தாண்டிப் பேச மாட்டார்கள். விலை குறைந்த மாற்று பற்றிக் கேட்டால் பேச்சு மாறும். ஆகவே இரண்டு வெவ்வேறு கம்பெனி வகுப்புகளுக்குப் போவது நல்லது.

பிளைவுட் ஃபேக்டரி விசிட்டில் அரைநாள் பஸ்ஸில் போய்விடும். ஆனாலும் ஒருமுறை போகத்தான் வேண்டும். வெட்டிய ஓரத்தில் உள்தாள்களின் (ஒட்டிய மெல்லிய மர அடுக்குகள்) இடைவெளி எப்படித் தெரியும், பசை போதாத தாள் எப்படிப் பிரியும் என்பதைக் கண்ணால் பார்க்க வேறு வழி இல்லை. ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண். ஐ.எஸ். 710 என்பது தண்ணீர் தாங்கும் மெரைன் தரம். அதற்கு 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனை உண்டு. ஐ.எஸ். 303 வேறு, அதற்குள்ளேயே எம்.ஆர். (ஈரம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது) என்று பிரிவு இருக்கிறது. சந்தையில் 303 முத்திரையுள்ள தாளை ‘மெரைன் மாதிரிதான் சார்’ என்று விற்பது தினமும் நடக்கிறது. வகுப்பில் முத்திரையைப் படிக்கச் சொல்லித்தர வேண்டும்: ஐ.எஸ்.ஐ. குறி, ஐ.எஸ். எண், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மை தெரிந்துவிடும். கதவின் ஒரு பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டினால் ஏன் வளைகிறது, மறுபக்கமும் ஒட்டிச் சமன் செய்வது எதற்கு என்பதையும் இங்கேதான் கேட்க வேண்டும். மரம் பற்றி ஆழமாகத் தெரிய விரும்புகிறவர்கள் மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தைக் கவனிக்கலாம். மரங்களை அடையாளம் காணும் குறுகிய காலப் பயிற்சிகளை அங்கே நடத்துகிறார்கள். விற்பனைப் பேச்சு இல்லாத இடம் என்பதே அதன் பெரிய பலம்.

லைட்டிங் வகுப்பில் பாதிப் பேர் எதிர்பார்ப்பது அழகான படங்களை. பயன் தருவது வேறு. ஒரே பழுப்பு லேமினேட் துண்டை 2700, 4000, 6500 கெல்வின் விளக்குகளுக்குக் கீழே அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவதில் வெல்லம் மாதிரி மஞ்சள் ஏறும், நடுவில் அதன் சொந்த நிறம் நிற்கும், கடைசியில் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப்போகும். கடை வெளிச்சத்தில் தேர்ந்தெடுத்த நிறம் வீட்டில் ஏன் மாறியது என்ற சண்டைக்கு இதுதான் பதில். கிச்சனில் ஸ்ட்ரிப் லைட்டை மேல் கேபினெட்டின் பின்பக்கம் ஒட்டினால் டைல் மட்டும் பளபளக்கும், காய் நறுக்கும் இடத்தில் நிழல் விழும். முன் ஓரத்தில், டிஃப்யூசர் (வெளிச்சத்தைப் பரப்பும் பட்டை) மூடிய அலுமினிய ப்ரொஃபைலில் போட வேண்டும். இல்லாவிட்டால் பாலிஷ் கிரானைட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு மேல் ஒரே முனையிலிருந்து ஓட்டினால் கடைசியில் வெளிச்சம் மங்கும். நீளமான கோவ்களுக்கு (சீலிங் ஓரத்தில் விளக்கை மறைக்கும் பள்ளம்) 24 வோல்ட் நல்லது. மீட்டருக்கு 10 வாட் வீதம் 6 மீட்டர் என்றால் 60 வாட். அதற்கு 60 வாட் டிரைவரே (ஸ்ட்ரிப்புக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) வைத்தால் சூடேறிச் சீக்கிரம் போகும், 75 வாட் வைக்க வேண்டும். அந்த டிரைவரைக் கையெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லாத வகுப்பு முழுமையான வகுப்பு இல்லை. ஜிப்சம் சீலிங்கை அறுத்து டிரைவர் மாற்றும் வீடுகள் எத்தனையோ.

பெங்களூருக்கென்றே கேட்க வேண்டியது ஒன்று: மிவான் (அலுமினிய அச்சில் கான்கிரீட் வார்க்கும் முறை) அபார்ட்மெண்ட். புதுக் கட்டிடங்கள் பலவற்றில் சுவரே கான்கிரீட். அதில் காடி வெட்டி வயர் இழுக்கக் கூடாது, கம்பி அறுபடும். சுவிட்ச் பாயிண்டை நகர்த்த வேண்டுமானால் பேனலிங்குக்குப் பின்னால் அல்லது ஃபால்ஸ் சீலிங் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் (உள்ளே இறுக்கி இழுத்த எஃகு வடங்கள் உள்ள தளம்) என்றால் பில்டரிடம் அந்த வடங்களின் (டெண்டான்) வரைபடம் வாங்காமல் சீலிங்கில் ஓட்டை போடவே கூடாது. பாடத்திட்டத்தில் இது இல்லாத ஒர்க்‌ஷாப்கள் இன்னும் இருக்கின்றன. இந்த ஊரில் இதை எப்படி விடலாம் என்று வருத்தமாகவே இருக்கிறது.

ரெண்டர் வகுப்புகளைத் தவிர்க்கலாம், வீட்டிலிருந்தே பழகிக்கொள்ளக்கூடிய விஷயம். ஒப்பந்தம், ஜி.எஸ்.டி. பற்றிய வகுப்பு, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஒருமுறை போதும். சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை: ஆர்க்கிடெக்ட்களுக்கு 1972 சட்டப்படி கவுன்சில் பதிவு உண்டு. இன்டீரியர் டிசைனருக்கு அப்படிச் சட்டப்பூர்வப் பதிவு கிடையாது. ‘லைசென்ஸ் கிடைக்கும்’ என்று சொல்லிக் கட்டணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

கட்டணம் அதிகமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. எட்டுக்கு நாலு பிளைவுட் தாள் 32 சதுர அடி. சதுர அடி 120 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு தாள் 3,840 ரூபாய். மேலே சொன்ன 3.2 மி.மீ. தவறு ஒரு கிச்சனின் எல்லா டிராயரிலும் விழுந்தால் தாள், லேமினேட், எட்ஜ் பேண்ட், இரண்டு நாள் கூலி என்று எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சைட் மேஸ்திரியையும் கூட்டிப்போங்கள். பல வகுப்புகளில் இரண்டாவது ஆளுக்குக் கட்டணம் குறைப்பார்கள், கேட்க வேண்டும். பாடம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஓடும். தமிழ் மேஸ்திரிக்குப் புரியாத இடத்தை டீ இடைவேளையில் அங்கேயே சாம்பிளை வைத்துச் சொல்லிவிட்டால் மறக்க மாட்டார்.

பணம் கட்டும் முன் ஒரு மேசைக்கு எத்தனை பேர் என்று போனில் கேளுங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் கீல் உங்கள் கைக்கு வராது. வெர்னியர் காலிப்பர் கொண்டுபோங்கள், 18 மி.மீ. என்று அச்சிட்ட தாள் நிஜத்தில் எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும். பீன்யா பக்கம் நடக்கும் ஃபேக்டரி வகுப்புக்கு வொயிட்ஃபீல்டிலிருந்து வருகிறவர்கள் மெட்ரோவில் மெஜஸ்டிக்கில் பச்சைப் பாதைக்கு மாறலாம். ஓசூர்க்காரர்கள் பொம்மசந்திராவில் மஞ்சள் பாதையில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறினால் சில்க் போர்டு நெரிசலில் காரோடு நிற்க வேண்டியதில்லை. ஃபேக்டரிக்குள் செருப்போடு விடமாட்டார்கள், ஷூ போட்டுப் போங்கள்.