ஸாலிப்யேவா ஹொஹோவுஃபா?

போலந்துல ஒருநாள்தான் கையில இருக்கு, எந்த கிராமம் போறதுன்னு குழம்புறவங்களுக்கு.

இடம்: ஸாலிப்யே டார்னோவ் நகரத்துப் பக்கம், சமவெளி. ஹொஹோவுஃப் டாட்ரா மலையடிவாரம், ஸ்லோவாக்கியா எல்லைகிட்ட.

வீடு: ஸாலிப்யேல அப்போ அடுப்புப் புகைல சுவரெல்லாம் கரி, அதை மறைக்க பொம்பளைங்க சுண்ணாம்புப் புள்ளி வைக்கப்போய் அதுவே பூவாகி இப்போ கிணறு, நாய்க்கூண்டு வரைக்கும் பூதான், இப்படி வீட்டுல பூ வரையறதுக்கு 1948லயே போட்டி வச்சுட்டாங்க. ஹொஹோவுஃப்ல பெயின்ட்டே கிடையாது, மரச்சுவரை வருஷா வருஷம் தேய்ச்சுக் கழுவுறாங்க (நம்மால ஆகாதுப்பா!).

வரலாறு: ஹொஹோவுஃப் 1846ல ஆஸ்திரியாவை எதிர்த்துக் கிளம்பின ஊரு. ஸாலிப்யேல ஓவியர் ஃபெலிட்ஸ்யா ட்சுரிவோவா வீடே மியூசியம்.

போட்டோ வேணும், கார் இருக்குன்னா ஸாலிப்யே. டாட்ரா மலைப்பக்க ஊரான ஸாக்கோபானேல தங்குறீங்கன்னா பஸ் ஏறி ஹொஹோவுஃப். எனக்கு அந்தப் பூ போட்ட நாய்க்கூண்டுதான்.