தெருமுனைக் கடையா, பாரிமுனையா, போனில் ஆர்டரா? ஹார்டுவேர் வாங்க எது தேவலை

ஹார்டுவேர் கடையைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் விலையில்தான் ஆரம்பிப்பார்கள். "அந்தக் கடையில அஞ்சு ரூபா கம்மி", "பாரிஸ் (அதாவது பாரிமுனை) போனா பாதி விலை", "ஆன்லைன்ல பாத்தீங்களா?" என்று ஆளுக்கொரு யோசனை. விலை முக்கியம்தான். ஆனால் வீட்டில் எதையாவது பழுது பார்க்கும்போது உண்மையான செலவு, தப்பான பொருளை வாங்கி வருவதுதான். இரண்டு குழாயை இணைக்கும் கப்ளர் சேரவில்லை என்றால் பிளம்பர் கிளம்பிவிடுவார், மறுநாள் கூலி தனி, அதுவரை மேல்தொட்டி வால்வை மூடிவிட்டுக் குடத்தில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அதனால் சரியான பொருள் கையில் வந்து சேர யார் உதவுகிறார்கள் என்பதை வைத்தே இங்கே கடைகளை ஒப்பிடுகிறேன். சென்னைப் புறநகரில் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருக்கிறவர்களுக்கு என்னென்ன வழி உண்டோ அவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். பாரிமுனை என்பது சென்னையின் மொத்தக் கடைப் பகுதி, மற்ற ஊர்க்காரர்கள் அந்தப் பெயர் வரும் இடத்தில் தங்கள் ஊர் மொத்தக் கடைத் தெருவைப் போட்டுக்கொள்ளலாம்.

"அரை இஞ்ச் கப்ளர் ஒண்ணு" என்று கேட்கிறோம். எந்த அரை இஞ்ச்? யுபிவிசி, சிபிவிசி, பிவிசி எல்லாம் பிளாஸ்டிக் குழாயின் வகைகள். வெள்ளை யுபிவிசி குழாயில் அரை இஞ்ச் என்றால் வெளி விட்டம் 21.3 மி.மீ. சுடுதண்ணீர் லைனுக்குப் போடும் லேசான மஞ்சள் நிற சிபிவிசியில் அதே அரை இஞ்ச் 15.9 மி.மீ.தான். ஐஎஸ் 4985 என்ற இந்தியத் தர எண்ணில் வரும் சாம்பல் நிற பிவிசி குழாய்க்கு வெளி விட்டமே பெயர், 20 மி.மீ. என்று அச்சடித்திருக்கும். அதையும் நாம் அரை இஞ்ச் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று சேராது. ஒட்டும் சொல்யூஷனும் வேறு வேறு, சிபிவிசி சொல்யூஷனைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

தெருமுனைக் கடை ஜெயிக்கிற இடம் இதுதான். நல்ல கடைக்காரர் கப்ளரை எடுப்பதற்கு முன்னால், "குழாய் என்ன கலர் சார்? சுடுதண்ணி லைனா? பழைய துண்டு இருக்கா?" என்று கேட்பார். உடைந்த துண்டை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்கித் துடைத்து, கவுண்டரில் கிடக்கும் புது ஃபிட்டிங்கில் செருகிப் பார்ப்பார். குழாய்முனை என்றால் மரையில் இரண்டு சுற்று திருகிப் பார்த்து, "இது முக்கால், அரை இல்ல" என்பார். அவ்வளவுதான் வேலை, அரை நிமிஷம். இந்த அரை நிமிஷத்தை பாரிமுனையில் யாரும் தர மாட்டார்கள், போன் திரையில் கிடைக்கவும் கிடைக்காது. ஸ்க்ரூ பிடிப்பதற்காகச் சுவர் ஓட்டையில் பிளக் அடிக்க வேண்டும் என்றாலும் இதே கதை. "செங்கல் சுவரா, கான்கிரீட்டா, பிளாக்கா?" என்று கேட்காமல் ஒரு பாக்கெட் பிளக்கைத் தூக்கிக் கொடுக்கிறவர் கடையில் எனக்கு நம்பிக்கை வராது. ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது.

இரண்டாவது, சில்லறை. நாலு ஸ்க்ரூ, நாலு பிளக், ஒரு 6 மி.மீ. டிரில் பிட். நூறு கிராம் ஒன்றரை இஞ்ச் ஆணி. ஒரு மீட்டர் வயர். கால் கிலோ வெள்ளை சிமெண்ட். பாத்ரூம் ஓரத்தில் ஒரு டைல்ஸ் பெயர்ந்ததற்காக 50 கிலோ மூட்டை வாங்க முடியுமா? கிலோ கணக்கில் சிமெண்ட் தருகிற கடை தெருவில் இருப்பது பெரிய வசதி. ஒன்று மட்டும் கவனியுங்கள். சிமெண்ட் மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் பலம் குறைய ஆரம்பிக்கும். எந்த வாரம், எந்த வருஷம் அடைத்தது என்று மூட்டையிலேயே போட்டிருக்கும். பிரித்த மூட்டை மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம் கெடும். விரலால் நசுக்கிப் பார்த்து, கட்டி உடையாமல் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். கேட்ட பிராண்ட் இல்லையென்றால் "இதுவும் நல்ல கம்பெனிதான் சார், நிறைய போகுது" என்று வேறொன்றை நீட்டுவார்கள். டெஃப்லான் டேப்பில் அது பரவாயில்லை, வயரிலும், கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் எம்சிபி ஸ்விட்சிலும் கூடாது. இன்னொன்று, எம்ஆர்பி போட்ட பொருளுக்கு "ஜிஎஸ்டி தனி" என்று மேலே கேட்பது. எம்ஆர்பி என்றால் எல்லா வரியும் சேர்த்த விலை, அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஃபிட்டிங்ஸ், வயர், ஸ்விட்ச் மாதிரி சாமான்களில் எம்ஆர்பிக்குக் கீழேதான் எல்லோரும் விற்கிறார்கள். அதனால் எம்ஆர்பியையே முழுசாகக் கேட்கிற கடையில் பேரம் பேச இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ஒரே சாலையில் நாலு ஹார்டுவேர்ஸ் இருக்கும்போது எதற்குள் நுழைவது? போர்டை நம்ப வேண்டாம். "பெயிண்ட்ஸ், ஹார்டுவேர்ஸ், எலக்ட்ரிக்கல்ஸ், சானிட்டரி" என்று எல்லோரும்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் ஒருவர் அடிப்படையில் பெயிண்ட் கடைக்காரர், இன்னொருவர் எலக்ட்ரிக்கல் கடைக்காரர், மற்றதெல்லாம் பேருக்கு ஒரு அலமாரி. காலை எட்டு, எட்டரைக்கு எந்தக் கடை வாசலில் கொத்தனாரும் பிளம்பரும் பைக்கை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நேரத்துக்குத் திறக்காத கடையை வேலைக்காரர்கள் நம்பியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூட்டத்தில் நாம் போய் நின்றால் நம்மைக் கவனிக்க மாட்டார்கள், அதனால் வாங்குவதற்குப் பதினோரு மணிக்கு மேல் போங்கள்.

அப்புறம், சீக்கிரம் விற்காத ஒரு சாமானைக் கேட்டுப் பாருங்கள். பழைய குழாயின் ஸ்பிண்டில், ஃப்ளஷ் டேங்குக்குள் இருக்கும் வாஷர், ஜன்னல் கொக்கி. முழுக் குழாயையும், முழு டேங்கையும் மாற்றச் சொல்கிறவர் வியாபாரி. உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொட்டித் தேடுகிறவர் கடைக்காரர். தேடியும் கிடைக்காமல், "இது என்கிட்ட இல்ல, ஸ்டேஷன் பக்கம் அந்தக் கடையில கேளுங்க" என்று போட்டிக் கடைக்கே அனுப்பினால் அவரை விட்டுவிடாதீர்கள்.

மீதம் திரும்ப எடுப்பதையும் முதல் நாளே கேட்டுவிடலாம். பிளம்பிங் வேலையில் குழாயை வளைக்கும் எல்போ, மூன்று பக்கம் பிரிக்கும் 'டீ' எல்லாம் நாலைந்து கூடவே வாங்கித்தான் ஆக வேண்டும். ஒட்டாத, அழுக்காகாத ஃபிட்டிங்கை பில்லோடு கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிற கடை, பத்து ரூபாய் கூட விற்றாலும் கடைசிக் கணக்கில் மலிவு.

பாரிமுனைக்கு வருவோம். லிங்கிச் செட்டி தெரு, தம்புச் செட்டி தெரு, செம்புதாஸ் தெரு என்று பம்பு, வால்வு, போல்ட் நட்டு, கருவிகள் எல்லாம் அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கும். போவது சுலபம். மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கலாம், மெட்ரோ என்றால் மண்ணடி அல்லது உயர் நீதிமன்றம். கார் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆபீஸ் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய தடை.

அங்கே பேச்சு வேறு. "லிஸ்ட்ல எத்தனை பர்சென்ட் லெஸ்?" என்று, கம்பெனி விலைப்பட்டியலில் எவ்வளவு தள்ளுபடி என்று கேட்க வேண்டும். பிராண்ட், சைஸ், எண்ணிக்கை மூன்றும் எழுதிய தாளை நீட்டினால் மறு தாளில் கொட்டேஷன் வரும். அதே தாளை இரண்டு கடையில் கொடுத்து வித்தியாசம் பார்க்கலாம். தாள் இல்லாமல் போய், "எனக்கு எது சரியா இருக்கும்?" என்று கேட்டால் பதில் வராது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பின்னால் பெட்டி பெட்டியாக வாங்குகிறவர் நிற்கிறார். "பீஸ் கிடையாது, பாக்ஸ்தான்" என்பதும் அங்கே சகஜம்.

ஆக, வீடு முழுக்க வயரிங் மாற்றுகிறீர்கள், எல்லாக் கதவுக்கும் கீல், தாழ்ப்பாள் வாங்குகிறீர்கள் என்றால் பாரிமுனைக்குப் போவது லாபம். லைட்டுக்கு ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயர், பிளக் பாயிண்டுக்கு இரண்டரை, ஒன்றரை டன் ஏசிக்கு நாலு என்று 90 மீட்டர் காயில்களாக வாங்கும்போது தள்ளுபடி கண்ணுக்குத் தெரியும். ஆனால் போவதற்கு முன்னால் அதே பட்டியலை உங்கள் தெருக்கடையிலும் கொடுங்கள். மொத்தமாக ஆர்டர் என்றால் அவரும் இறங்கி வருவார். லோடு ஆட்டோ வாடகையையும் ஒரு நாள் அலைச்சலையும் கூட்டினால் வித்தியாசம் பல சமயம் அவ்வளவு பெரியதாக இருக்காது.

வயர் எங்கே வாங்கினாலும் ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 694 என்ற எண், அதன் பக்கத்தில் சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் நம்பர் மூன்றையும் பாருங்கள். அந்த நம்பரை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த லைசென்ஸ், இன்னும் செல்லுமா என்று காட்டிவிடும். கடை வாசலில் நின்றே பார்க்கலாம். கோபித்துக்கொள்கிற கடைக்காரர் என்றால் வேறு கடை. பிளைவுட்டிலும் இதே மாதிரி, சாதாரண உபயோகத்துக்கு ஐஎஸ் 303, தண்ணீர் படும் இடத்துக்கு ஐஎஸ் 710. "710 சார்" என்று வாயால் சொன்னால் போதாது, பலகையில் முத்திரை இருக்க வேண்டும்.

ஆன்லைனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாடல் நம்பர் உள்ள எதையும் அங்கே வாங்கலாம்: டிரில்லிங் மெஷின், கிரைண்டர், ஸ்பேனர் செட், ரசமட்டம், டிஜிட்டல் மல்டிமீட்டர். ஒரே மாடல் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான், விலையை ஒப்பிடுவதும் சுலபம், பில் தானாக மெயிலில் வரும். உங்கள் ஊரில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மெஷின் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் தேவைப்படும். பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட் போன்றவற்றில் இரவு ஒன்பதரைக்கு எம்-சீல், பல்ப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வருவது நிஜமாகவே உபயோகம், அந்த நேரத்தில் எந்த ஹார்டுவேர்ஸ் திறந்திருக்கிறது? ஃபிட்டிங்ஸ் மட்டும் வேண்டாம். படத்தில் எல்லா எல்போவும் ஒரே மாதிரி இருக்கும், ஒன்று போதும் என்கிற இடத்தில் பத்து கொண்ட பாக்கெட்டாக விற்பார்கள். மேலே சொன்ன 15.9, 21.3 விவகாரம் விவரக் குறிப்பின் கடைசியில் இருந்தால் அதிர்ஷ்டம்.

இந்த மூன்றையும் தாண்டி ஒரு போட்டியாளர் உண்டு, பிளம்பர் கூட்டிப்போகிற கடை. அங்கே அவருக்குக் கணக்கு இருக்கும், கமிஷனும் இருக்கலாம். பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்றே கம்பெனிக்காரர்கள் டோக்கனோ க்யூஆர் கோடோ வைப்பது ஊரறிந்த விஷயம். இதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. சின்ன வேலைக்கு அவரையே வாங்கி வரச் சொல்லுவேன். அளவு தப்பினால் திரும்ப ஓடுவது அவர் பொறுப்பு, அதற்கு அந்தக் கமிஷன் நியாயம்தான். பெரிய வேலை என்றால் பட்டியலை மட்டும் அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பிராண்டும் கடையும் நாம் முடிவு செய்ய வேண்டும். "அந்தக் கடை சாமான் போட்டா நான் கேரண்டி தர மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால், என்ன குறை என்று விளக்கச் சொல்லுங்கள். சில சமயம் உண்மையிலேயே காரணம் இருக்கும்.

பழைய வீட்டுக்காரர்கள் காயலான் கடையையும் மறக்க வேண்டாம். அந்தக் காலத்துப் பித்தளைத் தாழ்ப்பாளுக்கு ஜோடி, கனத்த இரும்புக் கீல் எல்லாம் இப்போது புதிதாகக் கிடைப்பது கஷ்டம். எடை போட்டுத் தருவார்கள். தேடுகிற பொறுமை நம்முடையது.

பெயிண்ட் மட்டும் தனிக் கணக்கு. மெஷினில் கலர் கலந்த டப்பாவை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது, தெருமுனைக் கடையில் எவ்வளவு பழக்கம் இருந்தாலும் சரி. அதனால் முதலில் ஒரு லிட்டர் வாங்கிச் சுவரில் ஒரு கை அடித்து, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதியை ஆர்டர் கொடுங்கள். டப்பாவில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் ஷேட் கோடும், எந்த பேஸில் (கலர் கலப்பதற்கு முந்தைய அடிப்படை பெயிண்ட்) கலந்தது என்பதும் இருக்கும். அதைப் போனில் போட்டோ எடுத்து வைத்தால், அடுத்த வருஷம் சுவரில் ஒரு இடம் உரியும்போது வேறு கடையிலும் அதே கலரைக் கலந்து வாங்கலாம்.