ஹேலோ மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன்: வேற்றுக்கிரக இனங்கள், படைப்பிரிவுகள், கேனன் – நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஹேலோ மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன் என்பது ஹேலோ என்னும் அறிவியல் புனைவுச் சுடும் ஆட்டத் தொடரின் ஆறு ஆட்டங்களைக் கொண்ட தொகுப்பு. கணினிக்கு அது 2019 டிசம்பரில் ரீச் என்னும் ஆட்டத்தை மட்டும் கொண்டு வந்தது. மற்ற ஐந்து ஆட்டங்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 2020 நவம்பரில் ஹேலோ 4 உடன் தொகுப்பு முழுமையானது. அன்றிலிருந்து அது என் கணினியை விட்டு நீங்கியதில்லை. இடையிடையே, இதேபோல் வேற்றுக்கிரக இனங்கள் வரும் மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷனும் எக்ஸ்காம் 2-உம் ஆடியிருக்கிறேன். பிரேம் வேகத்தையும் கிராஃபிக்ஸையும் அலசிய விமர்சனங்கள் ஏராளமாக இருப்பதால் அதற்குள் நான் போகப்போவதில்லை. ஒரே ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப ஆடுகிறவனுக்கு, அதிலுள்ள வேற்றுக்கிரக இனங்களும் படைப்பிரிவுகளும் கேனன் எனப்படும் அதிகாரபூர்வ வரலாறும் எவ்வளவு தூரம் நம்பும்படி நிற்கின்றன என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். எதிரி களத்தில் நடந்துகொள்ளும் விதத்திலேயே சொல்லப்பட்ட வரலாறு எத்தனை முறை ஆடினாலும் தேய்வதில்லை. குறிப்பேட்டிலும் துணை நாவலிலும் மட்டும் எழுதி வைத்த வரலாறு இரண்டாம் முறையிலேயே வெளுத்துவிடுகிறது என்பது என் முடிவு.

இந்த முடிவுக்கு நான் வந்ததில் என் வீட்டுக்கும் பங்குண்டு. பல்லடம் பக்கத்தில், விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. இரவு ஷிப்டில் தறிகள் ஓடும்போது ஹெட்போன் போட்டாலும் வசனத்தில் பாதிதான் காதில் விழும். ஆகவே யார் யார், யாருக்கு யார் அடங்கியவர், எவன் எப்போது பின்வாங்குவான் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியது 2001-ல் வெளிவந்த முதல் ஹேலோதான்.

கவனன்ட் என்பது பல இனங்கள் சேர்ந்த மதக் கூட்டணி. உயரமான எலைட்டுகள் படையை நடத்துகிறார்கள். முதுகில் மீத்தேன் தொட்டியைச் சுமந்துகொண்டு குட்டையான கிரன்ட்டுகள் முன்வரிசையில் ஓடுகிறார்கள். ஜாக்கல்கள் கைக்கேடயத்தின் பின்னால் பதுங்குகிறார்கள். இதை எந்த வசனமும் விளக்க வேண்டியதில்லை. என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். கதை அவனுக்குத் தெரியாது, ஆங்கில வசனமும் பிடிபடாது. இரண்டு மூன்று சண்டைகளைப் பார்த்துவிட்டு, "அந்த ஒசரமானவன மொதல்ல சாய்ச்சுப்போடுங் மாமா, மத்தவனுகெல்லாம் தானாத் தெறிச்சு ஓடிருவானுக" என்றான். ஏன் கண்ணு ஓடுறானுக என்று கேட்டேன். "அவனுகளுக்குச் சண்டை மேல ஆசையே இல்லீங் மாமா. அவன் மெரட்டறதுனாலதான் நிக்கறானுக" என்றான். எலைட் விழுந்ததும் கிரன்ட்டுகள் கையைத் தூக்கிக்கொண்டு அலறி ஓடுவதைப் பார்த்ததுதான் அவனுக்குக் கிடைத்த ஒரே பாடம். கூட்டணியின் அடுக்குமுறையையும், அடித்தட்டில் இருக்கும் இனம் அதில் எதற்காக இருக்கிறது என்பதையும் கலைக்களஞ்சியங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. அவன் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டான்.

ஹன்டர்களும் அப்படியே. கேனன்படி ஒரு ஹன்டர் என்பது தனி உயிரே அல்ல. லெக்கோலோ என்னும் புழுக்கள் திரளாகப் பின்னி, கவசத்துக்குள் ஓர் உருவமாக நிற்பது. ஒரு திரள் அளவுமீறிப் பெருகினால் இரண்டாகப் பிரிந்துகொள்ளும் என்பதால் ஹன்டர்கள் எப்போதும் இரட்டையராகவே களத்துக்கு வருகிறார்கள். ஆடுபவர் காண்பது கழுத்திலும் முதுகிலும் கவசம் மூடாத ஆரஞ்சு நிறச் சதையைத்தான். முதல் ஹேலோவில் அந்த இடத்தில் ஒரே ஒரு பிஸ்டல் குண்டு பட்டாலே ஆள் சரிந்துவிடுவது சமநிலைக் குறையென்று சிலர் சொல்வதுண்டு. எனக்கோ, பீரங்கிக் கையோடு பாய்ந்து வருகிறவனுக்கு விலகி, சுற்றிப் பின்னால் போய், அந்த ஆரஞ்சுப் பட்டையைக் குறிபார்க்கும் அரை நொடிதான் அந்த இனத்தைப் பற்றிய முழு அறிமுகம்.

ஆறாவது கட்டமான சதுப்பு நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறங்கியவுடன் கவனன்ட் படையினர் நம்மோடு சண்டை பிடிப்பதை விட்டு எதிலிருந்தோ தப்பி ஓடுவது தெரியும். உடலைக் கவ்விப் பிணத்தையும் நடக்க வைக்கும் ஃப்ளட் ஒட்டுண்ணியின் பெயர்கூட அதுவரை சொல்லப்பட்டிருக்காது. அதுவரை நம்மைத் துரத்தியவர்களின் பயம்தான் அதற்கான கட்டியம். தொகுப்பில் ஒரே பொத்தானில் பழைய காட்சிக்கும் புதிய காட்சிக்கும் மாற முடியும்; இந்தக் கட்டத்தைப் பழைய காட்சியில் ஆடுவதே சரி. புதுப்பித்த காட்சியில் மூடுபனி விலகி, இலையும் செடியும் பளிச்சென்று தெரிவதில் பயம் பாதியாகிவிடுகிறது.

2004-ன் ஹேலோ 2 செய்த துணிச்சல், எதிரியின் கைகளை நமக்குக் கொடுத்தது. ஆர்பிட்டர் என்னும் எலைட்டாக ஆட வேண்டியிருப்பதால், முதல் ஆட்டத்தில் புரியாத மொழியில் உறுமிக்கொண்டிருந்த இனம் இங்கே நமக்குப் புரியும்படி பேசத் தொடங்குகிறது. தலைமைப் பூசாரிகள் எலைட்டுகளைக் காவலிலிருந்து நீக்கிவிட்டு அந்த இடத்தில் புரூட்டுகள் என்னும் வேறொரு இனத்தை வைப்பதும், அதன் தொடர்ச்சியாகக் கூட்டணி இரண்டாகப் பிளப்பதும் நாமே நடந்து போகும் கூடங்களில் நிகழ்கின்றன. பின்னர் 2010-ல் வந்த ரீச்சில் எலைட்டுகள் மறுபடியும் அன்னிய மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள். கதைக்காலத்தில் அது முந்தைய ஆட்டம். மனிதப் படைவீரனின் காதில் அவர்கள் அப்படித்தான் ஒலித்திருப்பார்கள். கேனனைக் காதால் சொல்வது இதுதான். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் இது எனக்குக் கேட்டது.

மனிதர் தரப்புப் படைப்பிரிவுகளுக்கு வந்தால், என் மதிப்பில் முதலிடம் 2009-ன் ஹேலோ 3: ஓடிஎஸ்டிக்கு. சுற்றுப்பாதையிலிருந்து ஆளுக்கொரு கூண்டில் தரையில் குதிக்கும் அதிர்ச்சிப்படை இது. கென்யாவின் நியூ மொம்பாசா நகரம், ஆண்டு 2552. மற்ற ஆட்டங்களில் ஸ்பார்ட்டன் என்னும் மேம்படுத்தப்பட்ட கவச வீரனாக இருந்து பழகியவருக்கு இங்கே உடம்பே வேறாகத் தெரியும். தானாக நிரம்பும் கேடயம் கிடையாது; காயத்துக்கு மருந்துப்பெட்டி தேட வேண்டும்; இரண்டு கையில் இரண்டு ஆயுதம் பிடிக்க முடியாது; உயரம் தாண்ட முடியாது. ஸ்பார்ட்டன் என்பவன் எவ்வளவு மேம்படுத்தப்பட்ட உயிர் என்பது, ஸ்பார்ட்டன் அல்லாதவனாக ஒரு மழை இரவு முழுக்கத் தெருத்தெருவாகப் பதுங்கி நடக்கும்போதுதான் உறைக்கிறது. பதவிப் பட்டைகளையும் கவசச் சின்னங்களையும் மட்டும் வைத்துப் படைப்பிரிவைக் காட்டும் ஆட்டங்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

கேனன் சிக்கலின் மையம் ரீச்தான். முதல் ஹேலோ வெளிவருவதற்குச் சற்று முன்பாக, 2001-லேயே, ரீச் கோளின் வீழ்ச்சியை எரிக் நைலண்ட் நாவலாக எழுதிவிட்டார். அந்த நாவலில் 2552 ஆகஸ்ட் 30 அன்று கவனன்ட் கப்பல்கள் திடீரென்று திரண்டு வந்து தாக்குகின்றன. பில்லர் ஆஃப் ஆட்டம் (Pillar of Autumn) என்னும் மனிதர்களின் போர்க்கப்பல் விண்வெளியில் இருக்கிறது. ஆட்டத்திலோ சண்டை ஜூலை 24-லேயே தொடங்கி வாரக்கணக்கில் நீள்கிறது. அதே கப்பல் தரையில் ஒரு தளத்தில் நிற்கிறது. ஆட்டத்தில் நாம் சேர்ந்து போரிடும் நோபிள் அணியின் வீரர்களில் ஜார்ஜ் ஒருவரைத் தவிர மற்றவர்கள் மூன்றாம் தலைமுறை ஸ்பார்ட்டன்கள். ஒரே காட்டுக்கு இரண்டு பத்திரம், இரண்டிலும் எல்லை வேறு வேறு என்றால் நம் ஊரில் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடந்தது. பிற்பாடு துணைக் குறிப்புகளாலும் திருத்தங்களாலும் கல் நட்டுப் பார்த்தார்கள், முழுதாகப் பொருந்தவில்லை. நாவலை நேசித்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனாலும் திரும்பத் திரும்ப ஆடிய பிறகு நான் ஆட்டத்தின் பக்கமே நிற்கிறேன். அணியில் ஒவ்வொருவராக இழந்துகொண்டே போய், கப்பல் ஏறிப் போகட்டும் என்று விட்டுவிட்டுத் தனியாக நின்று, கடைசிக் கட்டத்தில் உயிரோடு இரு என்பதைத் தவிர வேறு கட்டளையே இல்லாமல், தலைக்கவசக் கண்ணாடி விரிசல் விட்டுக்கொண்டே போகும் அந்தச் சண்டைக்கு எந்தத் தேதித் திருத்தமும் ஈடாகாது. தேதி பொருந்தும் நாவலுக்கும் தேதி பொருந்தாத அந்தக் கட்டத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் எனக்குத் தயக்கமில்லை.

தொகுப்பின் பலவீனமான கண்ணி 2012-ன் ஹேலோ 4. மூன்றாம் ஆட்டத்தின் முடிவில் நம்மோடு தோள்கொடுத்த எலைட்டுகள் இங்கே ஏன் மறுபடியும் சுடுகிறார்கள் என்பதற்கான சரியான விடை துணை நாவல்களில்தான் இருக்கிறது. ஆட்டம் ஓரிரு வரியில் கடந்துவிடுகிறது. நம்மைச் சுடும் அந்த எலைட் பிரிவின் தலைவனை அடுத்த ஆட்டமான ஹேலோ 5 தன் முதல் கட்டத்திலேயே கொன்று முடித்தும் விடுகிறது. புதிய எதிரிகளான பிரோமீதியன் நைட்டுகள் உண்மையில் யார் என்பது கேனனில் கொடூரமான, அருமையான விஷயம். களத்திலோ அவை இடம்விட்டு இடம் மின்னி மறைந்து சுடும் இயந்திரங்களாகவே இருக்கின்றன. பயப்படுவதில்லை, தலைவன் விழுந்தால் கலைவதில்லை. என் அக்கா மகன் இவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டான்.

மாஸ் எஃபெக்ட்டைப் பொறுத்தவரை, அதன் கோடெக்ஸ் குறிப்பேட்டை விரும்பிப் படிப்பவன் நான். பெரும்போர்க் கப்பல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஃபாரிக்சன் உடன்படிக்கை டூரியன் இனத்துக்கு ஐந்து, ஆட்சி மன்றமான கவுன்சிலில் உள்ள மற்ற இனங்களுக்கு மூன்று, ஏனையோருக்கு ஒன்று என்று விகிதம் வகுக்கிறது. வல்லரசுகளின் போர்க்கப்பல்களுக்கு இதேபோல் விகிதம் வகுத்த 1922-ன் வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கையை அறிந்தவர்கள் புன்னகைப்பார்கள். ஆனால் துப்பாக்கியிலேயே கேனன் இடறுகிறது. 2007-ன் முதல் ஆட்டத்தில் துப்பாக்கி சூடேறும், ஆறும், குண்டு தீராது. 2010-ன் இரண்டாம் ஆட்டத்தில், கதைக்காலம் இரண்டே ஆண்டுதான் நகர்ந்திருக்க, அண்டம் முழுவதும் கழற்றி மாட்டும் வெப்பக் கிளிப்புகளுக்கு மாறிவிட்டிருக்கிறது. அது போகட்டும் என்று விட்டால், பத்து ஆண்டுகளுக்கு முன் விபத்துக்குள்ளாகி வெளியுலகத் தொடர்பே அற்றுப்போன கப்பலைத் தேடிப் போகும் கட்டத்திலும் அதே கிளிப்புகள் கிடக்கின்றன. அதே தொடரில் குரோகன் இனம் மட்டும் என் சோதனையைத் தாண்டுகிறது: பிறப்பையே முடக்கும் ஜெனோஃபேஜ் நோயைப் பற்றிப் படிக்காதவருக்கும், சுட்டுச் சாய்த்த குரோகன் எழுந்து மறுபடி பாய்ந்து வரும்போது, மற்ற இனங்கள் இவர்களைக் கண்டு ஏன் அஞ்சின என்பது விளங்கிவிடும்.

கேனன் விஷயத்தில் நான் பார்த்த மிகத் தைரியமான முடிவு 2016-ன் எக்ஸ்காம் 2. முந்தைய 2012 ஆட்டத்தில் நாம் பாடுபட்டுப் பெற்ற வெற்றியை அது ஏற்கவில்லை; அந்தப் போரில் மனிதர்கள் தொடக்கத்திலேயே தோற்றுப்போனார்கள் என்பதையே அதிகாரபூர்வ வரலாறாக வைத்து, இருபது ஆண்டுகள் கழித்துக் கதையைத் தொடங்குகிறது. பழைய ஆட்டத்தில் மனித வேடமிட்டுத் திரிந்த ஒல்லி உளவாளிகள் இங்கே தங்கள் பாம்பு உருவத்திலேயே வருகிறார்கள். உலகை ஆளத் தொடங்கிய பிறகு வேடம் தேவையில்லை என்பதைச் சொல்லாமல் சொல்கிறது அந்த உருவம். படைவீரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்பதால் என் அணியில் நாச்சிமுத்துவும் செல்லாத்தாளும் மாரப்பனும் உண்டு. செத்தால் செத்ததுதான், திரும்பி வரமாட்டார்கள். நாச்சிமுத்து கர்னல் வரை உயர்ந்து, ஒரு பாம்புப் பெண்ணின் நாக்கில் சிக்கி இழுபட்டுப் போனார். அவர் வரலாறு எந்த நாவலிலும் இல்லை. இருந்தும் நான் விளையாடிய ஆட்டங்களிலேயே எனக்கு நன்றாக நினைவிருக்கும் சிப்பாய் அவர்தான்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஹேலோ தொகுப்பு முழுதாக நூறு ஜிபியைத் தாண்டும். வேண்டிய ஆட்டத்தை மட்டும் தனியாக இறக்கிக்கொள்ளலாம் என்பதால் இணையம் மெதுவான ஊர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதி கணினிப் பதிப்பில் இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் முறை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். தொகுப்பின் பட்டியல் கதைக்கால வரிசையில் ரீச்சை முதலில் காட்டும், அதைப் பின்பற்றாதீர்கள். முதல் ஹேலோ, 2, 3, ஓடிஎஸ்டி, அதற்குப் பிறகு ரீச் என்று போங்கள். ரீச்சின் முடிவில் எழும்பும் கப்பல் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பது முன்பே தெரிந்திருந்தால்தான் நோபிள் அணி எதற்காக நின்றது என்பது புரியும். ஹேலோ 4-க்கு வட்டில் இடம் மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.