சுகருக்குக் குடல் பாக்டீரியா: கேப்ஸ்யூலா, நார்ச்சத்தா?

எனக்கு எடையும் கூடுதல், டைப் 2 சுகரும் உண்டு; மெட்பார்மின் போட்டுக்கொள்கிறேன். குடல் பாக்டீரியாவைக் கவனித்தால் இரண்டுக்கும் நல்லது என்று கேள்விப்பட்டு, உயிருள்ள பாக்டீரியா கேப்ஸ்யூலையும் அவற்றுக்குத் தீனியான நார்ச்சத்தையும் எடைபோட்டுப் பார்த்தேன். நார்ச்சத்துப் பக்கம் வந்துவிட்டேன்.

கேப்ஸ்யூல் வெறும் விளம்பரம் அல்ல. அமெரிக்காவின் பென்டுலம் நிறுவனம் தன் கேப்ஸ்யூலை 76 பேர் கலந்துகொண்ட 12 வார ஆய்வில் சோதித்து, 2020இல் வெளியிட்டது. ஐந்து வகை பாக்டீரியா கலந்த கேப்ஸ்யூல் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட ஏ1சி (மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சுமார் 0.6 புள்ளி குறைந்தது. அதிலேயே இனுலின் என்ற நார்ச்சத்தும் சேர்ந்திருந்தது என்பதைக் கவனியுங்கள்.

என்னைத் தயங்க வைத்தது பராமரிப்பு. அந்தக் கேப்ஸ்யூலில் உள்ள அக்கர்மான்சியா போன்ற பாக்டீரியாக்களுக்குக் காற்றும் ஆகாது, சூடும் ஆகாது. கிடங்கு, கூரியர் வண்டி, மருந்துக்கடை அலமாரி எல்லாம் தாண்டி வர வேண்டும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் எத்தனை உயிரோடு வீட்டுக்கு வந்தன என்று கேப்ஸ்யூலைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. பிரிட்ஜில் வைத்தாலும் கரண்ட் போகும், பயணம் வரும். காசு கொடுப்பதே உயிருள்ள பாக்டீரியாவுக்குத்தானே?

இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. 2019இல் வந்த பெல்ஜிய ஆய்வில் அக்கர்மான்சியாவை 70 டிகிரியில் சூடாக்கிக் கொன்று கொடுத்தார்கள். உயிருள்ளதைவிட அதுவே இன்சுலின் வேலை செய்வதற்கு அதிகம் உதவியது. அதன் மேலுறையிலுள்ள ஒரு புரதம் அந்தச் சூட்டைத் தாங்கும். கேப்ஸ்யூல்தான் வேண்டும் என்றால் நான் இதைத்தான் வாங்குவேன். ஆனால் அந்த ஆய்வை முடித்தவர்கள் 32 பேர்தான், எடையும் பெரிதாக இறங்கவில்லை.

நார்ச்சத்துக்கு இந்தக் கவலையே இல்லை. சின்ன வெங்காயம், பூண்டு, கொள்ளு, வாழைத்தண்டு எல்லாம் சமையலறையிலேயே கிடக்கின்றன. குடல் பாக்டீரியாக்கள் நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள், இன்சுலின் சுரக்க உதவி, பசியையும் அடக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கத் தூண்டுகின்றன. சீனாவின் ஷாங்காயில் சுகர் உள்ளவர்களை இரு பிரிவாக்கி நார் உணவைச் சோதித்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து. 12 வாரத்தில் நார் மிகுந்த உணவு சாப்பிட்டவர்களில் 89 சதவீதம் பேருக்கு ஏ1சி 7க்குக் கீழே வந்தது, மற்றவர்களில் 50 சதவீதம். இதுவும் 43 பேர் கொண்ட சிறிய ஆய்வுதான்.

எனக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் இறங்கியிருக்கிறது. சோற்றையும் குறைத்ததால் பெருமை முழுவதையும் நாருக்குக் கொடுக்க மாட்டேன். எடை கொஞ்சம்தான் குறைந்தது. முதலில் வயிறு உப்பும். அளவை மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். அப்புறம், கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள், சுகர் ஒரேயடியாக இறங்கிவிடக் கூடாது.