பாலிக் புலாவா, ஜார்ஜ் டவுனா?

மலேசியாவின் பினாங்குத் தீவில் குடியேற இடம் தேடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது பாலிக் புலாவ்தான். தீவின் மேற்குப் பக்கம், மலைக்கு அப்பால் இருக்கும் சிறு ஊர். சரிவெங்கும் டுரியான், ஜாதிக்காய், கிராம்பு. ஜூன் வாக்கில் டுரியான் தோட்டங்களில் மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள். இங்கே டுரியானைப் பறிப்பதில்லை. பழுத்துத் தானே விழ வேண்டும். உள்சதை செம்மஞ்சளாக இருக்கும் 'ஆங் ஹே' ரகத்தை விழுந்த அன்றே சாப்பிட்டுப் பாருங்கள், பட்டணத்தில் வாங்கியது மறந்துபோகும்! ஹக்கா சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே சந்தையில்தான் காய்கறி வாங்குகிறார்கள். பசியாற லக்சா என்ற நூடுல்ஸ் சூப். புளி லக்சா, தேங்காய்ப்பால் சேர்த்த சியாம் லக்சா, இரண்டுமே கிடைக்கும்.

பட்டணமான ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியா இருக்கிறது, பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலும் பக்கம். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு சுற்றுலாக் கூட்டமும் அதிகம்.

பாலிக் புலாவில் இருந்துகொண்டு தினமும் பட்டணத்துக்கு வேலைக்குப் போவது சிரமம்தான். மலைப்பாதை வளைந்து வளைந்து போகும், பேருந்து தெற்கே பாயான் லெப்பாஸ் வழியாகச் சுற்றி வரும். வயதான பெற்றோருக்கு அடிக்கடி மருத்துவமனை போக வேண்டியிருந்தால் ஜார்ஜ் டவுனே சரி. அப்படியில்லை, பிள்ளைகள் மண்ணில் விளையாடி வளரட்டும் என்றால், தயங்காமல் மலையைத் தாண்டிவிடுங்கள்.