காலண்டரா, மாத்திரையா: கிறிஸ்தவ சபைகள் பிரியும் இடம்

என் சித்தி மகள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பங்குக் கோயில் காலண்டர் தொங்கும். தேதிக் கட்டங்களில் சிவப்பு, பச்சை ஸ்டிக்கர்கள்; நடுவே சில கட்டங்களில் மட்டும் குழந்தைப் படம் போட்ட வெள்ளை ஸ்டிக்கர். மாதவிலக்கு நாள், கருப்பைவாய்ச் சளி தெரியாத வறண்ட நாள், கரு தங்க வாய்ப்புள்ள நாள் என்று பிரித்துக்காட்டும் பில்லிங்ஸ் முறை அது. மெல்போர்னைச் சேர்ந்த ஜான், ஈவ்லின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதி உருவாக்கியது. அவள் கத்தோலிக்க வீட்டில் வாழ்கிறாள். நான் கல்யாணமாகிப் போனது சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பத்துக்கு. எங்கள் வீட்டில் மாத்திரை, ஆணுறை எல்லாம் பாவக் கணக்கில் வருவதே இல்லை.

கத்தோலிக்க சபை 'பெற்றுக்கொண்டே இரு' என்று சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. தக்க காரணம் இருந்தால் கருத்தரிக்காத நாட்களில் மட்டும் சேரலாம் என்று 1951-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மருத்துவச்சிகளுக்கு ஆற்றிய உரையில் சொல்லிவிட்டார். ஆக, பிள்ளைகளின் எண்ணிக்கையில் சண்டை இல்லை. எந்த வழியில் தள்ளிப்போடுவது என்பதில்தான்.

இந்தப் பிரிவு பழையதும் அல்ல. ஆதியாகமம் 38-ல், பிள்ளை உண்டாகாதபடி விந்தைத் தரையில் விட்ட ஓனானின் செயலை, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதிகளான லூத்தரும் கால்வினும் கடுமையாகவே கண்டித்தார்கள். இங்கிலாந்து திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபைகளின் ஆயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு 1908-லும் 1920-லும் கருத்தடையை எதிர்த்தது. 1930-ல்தான் 193-க்கு 67 என்ற வாக்கில் கதவு திறந்தது. அதுவும் பாதிக் கதவு: பிள்ளைப்பேற்றைத் தவிர்க்க வேண்டிய கடமை தெளிவாக இருந்தால், உறவையே முழுதும் விட்டு விலகுவதைத் தவிர்க்க நல்ல காரணமும் இருந்தால் மட்டுமே; சுயநலத்துக்கும் சொகுசுக்கும் இடமில்லை. அதே ஆண்டு டிசம்பர் 31-ல் திருத்தந்தை பதினோராம் பயஸ், சபைக்கு எழுதிய 'காஸ்தி கொனூபி' என்ற சுற்றுமடலில் முடியாது என்று அழுத்திச் சொன்னார்.

உண்மையான மோதல் 1960-களில், கத்தோலிக்க சபைக்கு உள்ளேயே நடந்தது. திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் கருத்தடையைப் பற்றி ஆராய 1963-ல் அமைத்த குழுவைப் பின்னால் வந்த ஆறாம் பவுல் பெரிதாக்கினார். அதில் திருமணமான தம்பதியரும் இருந்தார்கள். சிகாகோவின் பாட், பாட்டி க்ரௌலி தம்பதி கத்தோலிக்கக் குடும்பங்களிடம் கேட்டுத் திரட்டி வந்த பதில்களில், நாள் பார்த்துச் சேர்வது தாம்பத்தியத்தையே நோகடிக்கிறது என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். ஒரு தம்பதியின் மொத்த வாழ்வும் பிள்ளைகளுக்குத் திறந்திருந்தால் போதும், ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனியாக எடைபோட வேண்டாம் என்பது 1966-ல் பெரும்பான்மையினர் தந்த முடிவு. ஆறாம் பவுல் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு சேர்க்கையும் உயிருக்குத் திறந்திருக்க வேண்டும் என்று 1968-ல் அவருடைய 'ஹூமானே வீத்தே' சுற்றுமடல் வந்தது.

மொத்த வாழ்வா, ஒவ்வொரு இரவா? எனக்கு விவாதமே இந்த ஒரு கேள்விதான். நான் பெரும்பான்மைக் குழுவின் பக்கம். வெள்ளை ஸ்டிக்கர் நாளில் விலகிப் படுப்பவளின் மனமும் மாத்திரை போடுபவளின் மனமும் 'இப்போது வேண்டாம்' என்றுதானே சொல்கின்றன? இயற்கையின் ஒழுங்கைப் பயன்படுத்துவது வேறு, அதைத் தடுப்பது வேறு என்று சுற்றுமடல் பதில் சொல்கிறது. அந்தப் பதிலைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். என் மனம் சமாதானமாகவில்லை. தம்பதியர் ஜெபத்துக்காக, இருவரும் சம்மதித்து, சிலகாலம் மட்டும் பிரிந்திருக்கலாம் என்று 1 கொரிந்தியர் 7-ல் பவுல் எழுதுகிறார். மாதாமாதம் நாள் எண்ணிப் பிரிவது அவர் சொன்னதில் எங்கே வருகிறது?

அந்தச் சித்தி மகளுக்கு முதல் பிரசவத்துக்குப் பின் பால் கொடுத்த மாதங்களில் அடையாளங்கள் எல்லாம் குழம்பிப்போயின. "எந்த ஸ்டிக்கர் ஒட்டுறதுன்னே தெரியலக்கா" என்று அழுதாள். ஆனால் அவள் கணவருக்கு மனைவியின் உடம்பில் எந்த வாரம் என்ன நடக்கிறது என்று தெரியும். இரவில் ஸ்டிக்கர் ஒட்டுவது அவர்தான். எங்கள் பக்கத்தில் அப்படி ஓர் ஆணை நான் பார்த்ததில்லை.

ஆர்த்தடாக்ஸ் சபைகள் இடையில் நிற்கின்றன: ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை 2000-ல் வெளியிட்ட சமூகக் கோட்பாட்டில் கருவை அழிக்கும் முறைகளையும் மற்ற கருத்தடைகளையும் பிரித்துப் பார்த்தது. அமெரிக்காவில் சில சுவிசேஷக் குடும்பங்கள் பிள்ளைகளை அம்புகளாகவும் அவை நிறைந்த அம்பறாத்தூணியைப் பாக்கியமாகவும் பாடும் சங்கீதம் 127-ஐப் பிடித்துக்கொண்டு, நாள் பார்ப்பதும் கூடாது என்கின்றன. அத்தனை பிள்ளைகளையும் சுமக்கும் தாயின் உடம்பைப் பற்றி அந்தச் சங்கீதம் ஒன்றும் சொல்லவில்லை.

கத்தோலிக்கப் பக்கம் ஒன்றை மிகச் சரியாகக் கண்டது. இந்த முறைகள் அரசாங்கத்தின் கையில் போனால் மக்கள்மேல் திணிக்கப்படும் என்று 'ஹூமானே வீத்தே' எச்சரித்தது. எட்டே வருடத்தில், நெருக்கடி நிலையின்போது, நம் நாட்டில் ஆண்களை இழுத்துப்போய் அறுவை செய்தார்கள். எல்லாவற்றையும் தம்பதியின் மனசாட்சிக்கு விட்ட எங்கள் சபைகள், அந்த மனசாட்சியைக் காக்க என்ன செய்தன?

என் இரண்டாவது பிரசவத்தின்போது ஒரு மருத்துவமனையில், வலி எடுத்துக் கிடக்கையில், நர்ஸ் வந்து, "ரெண்டாவதுதானே, ஆபரேஷன் சேர்த்துப் பண்ணிடலாம்ல?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, என் மாமியாரிடம். அத்தை தலையாட்டினார். காகிதம் வந்தது, கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது எனக்கும் வேண்டியிருக்கவில்லை. அதை என் வாயால் சொல்லத்தான் யாரும் இடம் தரவில்லை.