பசியாறலுக்கு ஸ்மூத்தி: மிக்சியா, கோப்பை பிளெண்டரா?

வீட்டில் ஐந்தாறு பேர் என்றால் மிக்சியின் பெரிய ஜாரே சரி. ஒருவர், இருவர் என்றால், குடிக்கும் கோப்பையையே கவிழ்த்துப் பொருத்தி அரைக்கும் கோப்பை பிளெண்டர்தான் என் கட்சி. கைப்பிடி பிளெண்டர் கனிந்த பப்பாளிக்குப் போதும். உறைந்த வாழைப்பழத்தில் திணறும்.

சக்தி பொதுவாக மிக்சிக்கே கூடுதல். ஆனால் நேற்று சம்பாலுக்கு மிளகாயும் வெங்காயமும் அரைத்த ஜாரின் வாஷரில் வாசம் தங்கிவிடும், எவ்வளவு தேய்த்தாலும். பழத்துக்கென்று தனி ஜார் ஒதுக்காவிட்டால் ஸ்மூத்தியில் வெங்காயம் மணக்கும்.

ஒரு கிளாசுக்கு: துண்டாக்கி முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்த ஒரு பிசாங் பெராங்கான் வாழைப்பழம், 100 கிராம் பப்பாளி, 150 மில்லி பால். கவிழ்த்துப் பொருத்தும் கோப்பையில் உறைந்த பழம் முதலில், பால் கடைசியில். மிக்சி ஜாரில் நேர்மாறு. பால் குறைந்தால் பிளேடைச் சுற்றிக் காற்றுக்குழி விழுந்து, மோட்டார் இரையும், பழம் அசையாது. நிறுத்திக் குலுக்கி, இரண்டு மேசைக்கரண்டி பால் சேர்க்கவும். 20 விநாடி ஓட்டம், சற்று ஓய்வு, மறுபடி 20. விடாமல் ஓட்டினால் கருகல் வாடை வரும். மூடிய கோப்பையில் சூடான எதையும் ஊற்றக்கூடாது. ஆவி அழுத்தத்தில் மூடி தெறிக்கும்.

வேலைக்கு எடுத்துப்போவதென்றால் அன்னாசி, பப்பாளியோடு பால் வேண்டாம். அவற்றின் நொதிகள் பால் புரதத்தைச் சிதைத்து, நேரம் ஆக ஆகக் கசக்க வைக்கும். இளநீர் ஊற்றலாம்.

உண்மையில் முடிவு செய்வது கழுவும் வேலைதான். குடித்த கையோடு கோப்பையில் பாதி தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு 10 விநாடி ஓட்டினால் முக்கால்வாசி முடிந்தது. மாம்பழ நார் காய்ந்துவிட்டால்தான் பாடு. மீதிக் கால்வாசி பிளேடு மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம். கோலாலம்பூர், பினாங்கு ஈரக்காற்றில் கழற்றாமல் விட்டால் சில நாளிலேயே அடியில் கரும்புள்ளி பூக்கும், புளித்த வாடையும் அடிக்கும். கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து, கழுவி, தனியாகக் காயவைக்கவும். திரும்பப் போடும்போது வளையம் முறுக்கிக்கொண்டால் பால் மோட்டார் பக்கம் ஒழுகும். பிளேடு மூடியைத் தண்ணீரில் ஊறப்போடுவது தவறு: சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்குக்குள் நீர் இறங்கித் துரு பிடிக்கும். சுழல்தண்டைச் சுற்றிப் பழுப்பாகக் கசிந்தால் அந்த மூடியை மாற்றிவிட வேண்டியதுதான்.

அதனால் வாங்கும்போது வாட்ஸைவிட, வளையமும் பிளேடு மூடியும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள்.